மைக்ரோவேவைத் துடைப்பதும் பாதுகாப்புதான்

எங்கள் வீட்டு மைக்ரோவேவை நான்கு பேர் பயன்படுத்துகிறோம். காலையில் அம்மா வெந்நீரும் பாலும் வைப்பார். வேலைக்கு வரும் அக்கா ஆறிப்போன காபியைச் சூடாக்கிக்கொள்வார். பள்ளி விட்டு வரும் மகள் தனக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டைச் சூடாக்கிச் சாப்பிடுவாள். இரவில் பிரிட்ஜிலிருந்து வெளியே வரும் மிச்சக் குழம்பெல்லாம் என் பங்கு. நால்வருக்கும் நான்கு விதக் கைப்பழக்கம். எவர்சில்வர் கூடாது, முட்டையை ஓட்டோடு வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்சுவரில் தெறித்ததைத் துடைக்காமல் விடுவதும் அதே அளவுக்குக் கெடுதல் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. விற்பனைக்காரர் செய்முறை விளக்கம் தரும்போது கேக் செய்து காட்டுவார். துணி எடுத்துத் துடைத்துக் காட்ட மாட்டார்.

ஒரு மாலையில் சாம்பார் சாதம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தபோது வலப்பக்கச் சுவரில் பட், பட்டென்று சத்தம். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலமும் மஞ்சளுமாகச் சிறு பொறிகள். கிண்ணம் கண்ணாடிக் கிண்ணம்தான். கரண்டியோ ஸ்பூனோ எதுவும் உள்ளே இல்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்ததும் பொறியும் நின்றது, சத்தமும் நின்றது.

மறுநாள் வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கச் சுவரில் பதித்திருந்த ஒரு தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அஞ்சலட்டை அளவு இருக்கும். வெள்ளியும் பழுப்பும் கலந்த நிறம். பலரும் அதை அட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். சிலர் புது அடுப்பைப் பிரிக்கும்போது பேக்கிங் அட்டை என்று அதைப் பிய்த்தெடுத்ததும் உண்டாம். அது மைக்கா தகடு. மைக்கா என்பது ஏடு ஏடாகப் பிரியும் ஒரு கனிமம். எங்கள் தகட்டின் கீழ் ஓரத்தில் சாம்பார் தெறித்துக் காய்ந்திருந்தது. வெளிவட்டம் மஞ்சள், அதற்குள் பழுப்பு, நடுவில் கரிந்துபோய் மிளகளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் விரல் பட்டதும் கரி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஓர் உலோகக் குழாய்ப் பாதை இருக்கிறது. மேக்னட்ரான் என்ற பாகத்தில் உண்டாகும் நுண்ணலைகள் அந்தப் பாதை வழியாக வந்து, மைக்கா தகட்டை ஊடுருவிக்கொண்டு உணவின் மேல் படுகின்றன. மைக்கா அலைகளைத் தடுக்காது, தானும் சூடாகாது, உணவிலிருந்து கிளம்பும் ஆவியும் எண்ணெயும் உள்ளே போகாமலும் காக்கும். ஆனால் அதன்மேல் சாம்பாரோ நெய்யோ தெறித்து ஒட்டிக்கொண்டால் கதை மாறிவிடும். ஒவ்வொரு முறை அடுப்பு ஓடும்போதும் அந்தக் கறை அலைகளை வாங்கிச் சூடாகும், காயும், கடைசியில் கரியாகும். கரி மின்சாரம் கடத்தும். அந்த இடத்தில் பொறி பறக்கும். தகடு துளைந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் பின்னாலிருக்கும் உலோகமும் பெயின்டும் கருகி, கடைசியில் விலை உயர்ந்த மேக்னட்ரானே போய்விடும்.

மெக்கானிக் தன் பையிலிருந்து பெரிய மைக்கா ஷீட் ஒன்றை எடுத்து, பழைய தகட்டை அதன்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டிப் பொருத்தினார். செலவு மிகக் குறைவு. “தெறித்த அன்றே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள் அம்மா, தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஏடு ஏடாக உரிந்துவிடும்” என்றார். அன்று முதல் இந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தத் தகட்டுக்குத்தான் போகிறது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. மின்விசிறியில் தூசு அடைந்திருக்கும் என்று வெளிக்கூட்டைத் திறந்தார். திறந்ததும் முதலில் செய்த வேலை, கைப்பிடியில் காப்பிட்ட கருவியால், மின்சக்தியைச் சேர்த்து வைக்கும் பாகமான கெபாசிட்டரின் இரு முனைகளையும் இணைத்ததுதான். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. அப்படியும் ‘டப்’ என்று ஒரு வெடிப்பு கேட்டது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சுமார் 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. கெபாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டரில் அந்தச் சக்தி தங்கியிருக்கலாம். உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது. இதை நேரில் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு விதி உறுதியாகிவிட்டது. உணவு வைக்கும் இடம் வரைக்கும்தான் நம் கை போகலாம். வெளிக்கூட்டின் திருகாணிகள் நமக்கு இல்லை. உள்ளே இருக்கும் பல்பு எரியவில்லை என்றாலும், அதை மாற்ற வெளிக்கூட்டைத் திறக்க வேண்டிய மாடலாக இருந்தால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். எலெக்ட்ரிக் வேலை நன்றாகத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த மாமாவையோ சித்தப்பாவையோ இதற்கு நம்பக் கூடாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி வேறு, இது வேறு.

அம்மாவுக்கு வேறொரு பயம் இருந்தது. கதிர்வீச்சு. பெட்டி ஓடும்போது சமையலறையிலிருந்தே வெளியே போய்விடுவார். அவருக்கு இதன் பிறப்பைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளுக்காக மேக்னட்ரான் தயாரித்த ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் இருந்தார். இயங்கும் மேக்னட்ரான் அருகே நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வணிகத்துக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை 300 கிலோவுக்கும் மேல். சமையல் மேடையில் வைக்கும் அளவுக்குச் சுருங்கிப் பரவலாக விற்பனைக்கு வந்தது 1967இல். அம்மாவுக்கு இந்தக் கதை பிடித்திருந்தாலும் பயம் போகவில்லை. அவர் கேட்டது நேரடியான கேள்வி: “அணைத்த பிறகும் உள்ளே அது இருக்குமா? சாப்பாட்டில் தங்குமா?”

தங்காது. இந்த அலைகள் வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. எக்ஸ்ரேயைப்போல மூலக்கூறுகளை உடைக்கும் வலிமை இவற்றுக்கு இல்லை. உணவிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுவதோடு சரி. விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை அல்லவா, அப்படித்தான் மேக்னட்ரான் நின்ற கணமே அலையும் நின்றுவிடும். ஓடும்போது அலை வெளியே வராமல் இருப்பதுதான் முக்கியம். அந்தக் காவலை உலோகப் பெட்டியும் கதவும் பார்த்துக்கொள்கின்றன. வீட்டு அடுப்புகளின் அதிர்வெண் 2,450 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் வலையின் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வெளிச்சம் அந்தத் துளை வழியே வந்துவிடும். 12 சென்டிமீட்டர் அலை வர முடியாது. மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது பன்னாட்டுத் தரவரையறை. கொஞ்சம் விலகி நின்றாலே அதுவும் வேகமாகக் குறைந்துவிடும்.

இங்கேதான் துடைப்பதற்கு மறுபடி வருகிறேன். இந்தக் காவல் முழுக்கக் கதவு சரியாக மூடுவதைப் பொறுத்தது. கதவின் உட்புற விளிம்பும் அது வந்து பொருந்தும் சட்டமும் எண்ணெய்ப் பிசுக்கும் ரொட்டித் துகளும் சேர ஏற்ற இடங்கள். பெரும்பாலும் நடுவில் தெரியும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விளிம்பை விட்டுவிடுவோம். பிசுக்கு கெட்டியாகிக் கதவு முழுமையாகப் பொருந்தாமல் போனால் பிரச்சினை அங்கே தொடங்கும். அதனால் வாரந்தோறும் விளிம்பையும் சட்டத்தையும் துடைக்கிறோம். கூடவே ஒரு பார்வை: கீல் ஆடுகிறதா, கொக்கி உடைந்திருக்கிறதா, கதவு கோணியிருக்கிறதா, கண்ணாடியில் விரிசல் உண்டா. கைபேசியை உள்ளே வைத்து மணி அடித்தால் கசிவு இருக்கிறது என்று ஒரு சோதனையைப் பலர் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். கைபேசி மிக மெல்லிய சிக்னலையும் பிடித்துவிடும். அதிலிருந்து அடுப்பு பாதுகாப்பானதா இல்லையா என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சர்வீஸ் ஆட்களிடம் கசிவு அளக்கும் மீட்டர் இருக்கும், கேட்டு வாங்கிச் சோதிக்கச் சொல்லலாம்.

இனி துடைக்கும் முறை. விலை உயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பாதியளவு தண்ணீர் எடுத்து, எலுமிச்சம்பழத்தை நான்காக நறுக்கிப் பிழிந்து தோலையும் உள்ளேயே போடுகிறேன். சமையலில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோல்களே போதும். எங்கள் வீட்டில் அவற்றை இதற்காகவே சேர்த்து வைக்கிறோம். கிண்ணத்தில் ஒரு மரக்குச்சியையும் போடுவேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முழுச் சக்தியில் நான்கு நிமிடம். மணி அடித்ததும் கதவைத் திறந்துவிடக் கூடாது. பத்து நிமிடம் அப்படியே விட்டால் ஆவி சுவரெங்கும் படிந்து காய்ந்த கறையை ஊற வைத்துவிடும். கிண்ணமும் அதற்குள் தொடும் சூட்டுக்கு வந்திருக்கும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்தால் சாம்பார்க் கறை தானாகக் கூடவே வரும்.

துடைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் கூரை. எல்லாரும் மறக்கும் இடம் அதுதான். குழம்பு மேல்நோக்கித் தெறிக்கிறது, ஆனால் குனிந்து பார்த்தால் தவிரக் கூரை கண்ணில் படாது. எங்களுடையதில் மேலே கிரில் கம்பி இருக்கிறது. அது முழுக்க ஆறியபிறகு ஈரத்துணியால் துடைக்கிறேன். பின்பு சுவர்கள், மைக்கா தகட்டில் மட்டும் கை மிருதுவாக. அதன்பின் தரை. கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு, அதன் அடியில் இருக்கும் சக்கர வளையத்தையும் எடுக்க வேண்டும். அந்த வளையம் உருளும் தடத்தில் சோற்றுப் பருக்கை ஒன்று காய்ந்து கிடந்தால் தட்டு தடுக்கித் தடுக்கிச் சுற்றும். உணவு ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் சில்லென்று இருக்கும். தட்டு சூடாக இருக்கும்போது குழாய்த் தண்ணீரில் காட்டினால் விரிசல் விடும். ஆற வைத்துக் கழுவி, துடைத்து உலர்த்தித்தான் திரும்ப வைக்க வேண்டும்.

அசையாத கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். மைக்கா தகட்டில் மட்டும் அதைப் பூச வேண்டாம். கம்பி நார் மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. இதை வேலைக்கு வரும் அக்காவிடம் வெறும் கட்டளையாகச் சொல்லாமல் காரணத்தோடு சொன்னேன். அந்த நார் உள்பெயின்டில் கீறல் விடும். கீறல் வழியாகத் துருப்பிடிக்கும். நாங்கள் இருப்பது திருவான்மியூர். கடல் காற்றில் ஜன்னல் கம்பியே துருவேறும் ஊர் இது. பெயின்ட் உரிந்து துருவேறிய இடத்தில் பொறி பறக்கும். அதோடு நாரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி ஒன்று உள்ளே தங்கினாலும் அடுத்த முறை அதுவே பொறியைக் கிளப்பும். காரணம் புரிந்தபிறகு இன்றுவரை அவர் கம்பி நாரைத் தொட்டதில்லை. மகள் தொட்டால் அவர்தான் தடுக்கிறார்.

எந்தத் திரவத்தையும் நேராகப் பெட்டிக்குள் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. சுவரில் காற்று போகும் துளைகள் உண்டு. அவற்றின் வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிடும். வினிகர் சேர்த்துத் துடைத்த அன்று பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ அதே துணியில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கருவாட்டுக் குழம்பு சூடாக்கிய மறுநாள் பால் வைத்தால் வீடே முகம் சுளிக்கும். அப்படிப்பட்ட நாளில் எலுமிச்சை ஆவிக்குப் பிறகு ஒரு கிண்ணத்தில் காபித்தூளோ சமையல் சோடாவோ போட்டு, அடுப்பை ஓட்டாமல், இரவு முழுக்க உள்ளே மூடி வைப்போம். காலையில் கிண்ணத்தை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கரப்பான் பூச்சி தனிக் கதை. பெட்டியின் வெதுவெதுப்பும் உணவு வாசனையும் அவற்றுக்கு விருந்தழைப்பு. கடிகார எண்கள் தெரியும் கண்ணாடிக்குள் ஒன்று ஊர்ந்துபோவதை ஒருநாள் பார்த்தோம். உள்ளே போய் மின்சுற்றில் செத்துக் கிடந்தால் பலகையே கெட்டுவிடும். பூச்சி மருந்தைத் துளைகளில் அடிப்பது தவறு. பல ஸ்பிரேக்கள் தீப்பற்றக் கூடியவை. பெட்டியை மாதத்துக்கு ஒருமுறை முன்னால் இழுத்து அடியிலும் பின்னாலும் துடைப்பதும், உணவுத் துகளை இரவில் உள்ளே விட்டுவைக்காததும்தான் பலன் தந்தன.

தெறிப்பதையே குறைத்தால் துடைக்கும் வேலையும் குறையும். பருப்பு சேர்ந்த எதுவும் கெட்டியாக இருப்பதால் அடியில் ஆவி சேர்ந்து குபுக்கென்று வெடித்துத் தெறிக்கும். சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் அந்த ரகம். மூடி போட வேண்டும். ஆனால் இறுக்கமாகக் கூடாது, ஆவி வெளியேற ஓரத்தில் இடைவெளி வேண்டும். முழுச் சக்தியில் மூன்று நிமிடம் ஓடவிடுவதைவிட ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தி, கிளறி, மீண்டும் வைப்பது நல்லது. கிளறுவது தெறிப்புக்காக மட்டும் அல்ல. நுண்ணலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் போகும். அதற்கும் உள்ளே இருப்பது வெளிச்சூடு பரவித்தான் சூடாக வேண்டும். ஆகவே கிளறியபின் ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறுகிறோம். இட்லிக்கு மேலே தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு அரை நிமிடம் வைத்தால் புது இட்லிபோல இருக்கும். தோசையை இதில் சூடாக்கி வெற்றி கண்டவரை நான் சந்தித்ததில்லை.

தோலும் ஓடும் மூடிய எதையும் அப்படியே வைக்கக் கூடாது. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், தக்காளியை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட வேண்டும். முட்டை விஷயத்தில் பலருக்குத் தெரியாதது ஒன்று: வேகவைத்து ஓடு உரித்த முட்டையும் வெடிக்கும். வெளியே எடுத்துக் கடிக்கும்போது வாயில் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. நறுக்கிவிட்டுச் சூடாக்கினால் பயமில்லை.

இப்போது அந்த மரக்குச்சி. அம்மா இரவு மாத்திரைக்கு வெந்நீர் வைப்பார். வழவழப்பான கண்ணாடிக் குவளையில் வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால், குமிழி உருவாக ஒரு சொரசொரப்பு கிடைக்காமல், தண்ணீர் கொதிக்காமலேயே 100 டிகிரியைத் தாண்டிவிடலாம். பார்க்க அமைதியாக இருக்கும். குவளையை அசைத்தாலோ, காபித்தூளோ சர்க்கரையோ ஸ்பூனோ போட்டாலோ ஒரே நொடியில் மொத்தத் தண்ணீரும் பொங்கிக் கைமேலும் முகத்திலும் தெறிக்கும். வயதானவர்களுக்கு இது மிகவும் ஆபத்து. குடிக்கும் சூடு போதும் என்றால் கொதிநிலைக்குப் போகவே விடக் கூடாது. ஒரு குவளைக்கு ஒரு நிமிடத்துக்குள் எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. கொதிக்க வைக்க வேண்டுமென்றால் உலோகமில்லாத மரக்குச்சி ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைக்கலாம்; குமிழி அதன்மேல் உருவாகும். நின்றபிறகு ஒரு நிமிடம் உள்ளேயே விட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி வைக்கும்போது ஆபத்து கூடுதல். அம்மாவுக்காக ஒரு மூங்கில் குச்சியைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே டம்ளரில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கைக்குழந்தையோடு உறவினர் வந்து தங்கியபோது பால் புட்டியை இதில் சூடாக்கக் கேட்டார். அம்மாவே வேண்டாம் என்று தடுத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்திச் சூடாக்கிக் கொடுத்தார். அதுதான் சரியான வழி. மைக்ரோவேவில் புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் பால் கொதித்திருக்கும். குழந்தையின் வாய் வெந்துவிடும்.

பாத்திரங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எவர்சில்வரும் அலுமினியத் தாளும் கூடாது என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் உலோகம்தான். அந்தக் கோட்டில் பொறி பறக்கும். ஹோட்டல் பார்சலில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னும் உலோகம்தான். கல்யாணப் பரிசாக வரும் மெலமைன் தட்டுகள் பீங்கான்போலத் தோன்றும். அவை அலைகளை வாங்கித் தாமே சூடாகும், மெலமைன் உணவில் கசியும். பரிமாற மட்டும் அவை. பார்சல் வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்களை உணவோடு உள்ளே வைப்பதை எங்கள் வீட்டில் அடியோடு நிறுத்திவிட்டோம். எண்ணெய் மிதக்கும் குழம்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டும். டப்பாவின் உட்புறம் குழம்பு மட்டத்தில் சொரசொரப்பாகி வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பிளாஸ்டிக் உருகிய அடையாளம். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள பிளாஸ்டிக்காக இருந்தாலும் எண்ணெய்ப் பண்டத்தைக் கண்ணாடிக்கு மாற்றிவிடுகிறேன். மூடியில் ஏறிய மஞ்சள் கறை தேய்த்துப் போகாது. கழுவி வெயிலில் வைத்தால் தானே வெளுக்கும்.

முத்திரை இல்லாத மண், பீங்கான் பாத்திரத்துக்கு எளிய சோதனை உண்டு. காலிப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ச்சியாக இருந்தால் சரி. பாத்திரமே சுட்டால் அது இதற்கு ஆகாது. தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அலைகளை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லாமல் ஓடினால் அவை திரும்பிவந்து மேக்னட்ரானையே கெடுக்கும்.

எங்களுடையது கன்வெக்ஷன் வகை, அதாவது சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கும் வசதியும் உள்ளது. நம் ஊரில் இப்போது பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு அடுப்புகள், இரண்டு விதமான விதிகள். மைக்ரோவேவில் உலோகம் கூடாது. கன்வெக்ஷனில் கேக் தகரம் தாராளமாக வைக்கலாம், பிளாஸ்டிக்தான் கூடாது. குழப்பம் வருவது இரண்டுக்கும் நடுவில். 200 டிகிரியில் கேக் எடுத்த சற்று நேரத்தில் ஒருவர் வந்து பிளாஸ்டிக் டப்பாவில் சாதத்தை வைத்தால், பொத்தான் அமுக்குவதற்கு முன்பே அடிப்பகுதி இளகிவிடும். கேக் செய்த நாளில் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறோம்: சூடாக இருக்கிறது, கண்ணாடி மட்டும்.

மிச்சச் சோறு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மைக்ரோவேவ் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அது மேடையிலேயே கிடக்கிறது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தபிறகும் பிழைத்திருக்கும். வெளியே கிடக்கும் நேரத்தில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு சூடாக்கினால் அழியாது. இரண்டு மணி நேரத்துக்குள், 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். அளவாகச் சொன்னால் 74 டிகிரி.

தாளிப்புக்கு எண்ணெய் காய்ச்சுவது, காய்ந்த மிளகாய் வறுப்பது இரண்டும் இதற்கான வேலைகள் அல்ல. எண்ணெய்க்குத் தண்ணீரைப்போலக் கொதிநிலையில் ஒரு தடை கிடையாது. சூடு ஏறிக்கொண்டே போய்க் கண்ணாடிக் கிண்ணத்தை உடைக்கலாம், தீப்பற்றலாம். மிளகாயின் காரம் பெட்டிக்குள் அடைபட்டு, கதவைத் திறந்ததும் மொத்தமாக முகத்தில் அடிக்கும். வேப்பிலை, கறிவேப்பிலை உலர்த்துவது, ஈரமில்லாத ஸ்பாஞ்சை வைத்துக் கிருமி நீக்குவது, செய்தித்தாளில் சுற்றிச் சூடாக்குவது எல்லாம் தீயை அழைக்கும் வழிகள். அப்பளம் நன்றாகப் பொரியும். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், சில நொடி கூடினாலும் கருகிப் புகையும்.

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது. இதை மகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். திறந்தால் காற்று போய்த் தீ பெரிதாகும். சுவிட்சை அணை, முடிந்தால் பிளக்கைப் பிடுங்கு, கை வைக்க முடியாத இடம் என்றால் மெயினை அணை, கதவை மூடியபடியே விடு. காற்று தீர்ந்ததும் தீ தானாக அணையும். அணையாமல் வெளியே பரவினால் வீட்டை விட்டு வெளியேறி 101க்கோ 112க்கோ அழைக்க வேண்டும்.

மின் இணைப்பை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் போதும். 900 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கன்வெக்ஷனில் 2,000 வாட்டையும் தாண்டும். பெரிய மூன்று துளைகள் கொண்ட 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். கோடையில் மின்னழுத்தம் குறைந்தால் சூடும் குறையும். வழக்கமான நேரத்தில் உணவின் நடுப்பகுதி சூடாகியிருக்காது, கிளறிப் பார்த்துவிட்டுச் சாப்பிட வேண்டும். பின்னல் விரிப்பைப் பெட்டியின் மேல் போட்டு அதன்மேல் ஊறுகாய் பாட்டில்களை அடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. காற்றுத் துளைகள் அடைபட்டால் மேக்னட்ரான் சூடேறி ஆயுள் குறையும். கையேட்டில் சொன்ன இடைவெளியை மேலேயும் பின்னாலும் விட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கதவைத் திறந்தால் உடனே நிற்க வேண்டும் என்பதற்காகத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் வழக்கமாக மூன்று சிறிய சுவிட்சுகள் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும், அதுவும் தவறினால் பியூஸ் போய் அடுப்பே நின்றுவிடும். தெரிந்த ஒருவர் வீட்டில் அந்தச் சுவிட்ச் போனபோது, வந்தவர் புதுச் சுவிட்ச் போடாமல் இரண்டு வயரையும் நேராக இணைத்து ஓடவைத்துவிட்டுப் போயிருந்தார். கதவைத் திறந்த பிறகும் விசிறியும் தட்டும் சில நொடி நிற்கவில்லை என்று அந்த வீட்டம்மா சாதாரணமாகச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சில மாடல்களில் விசிறி மட்டும் சிறிது நேரம் ஓடுவது இயல்புதான். தட்டு சுற்றிக்கொண்டே சத்தமும் மாறாமல் இருந்தால் அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது. அன்றே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். உட்கூடும் துருவேறி ஓட்டை விழும் நிலையில் இருந்ததால் அதைச் சரிசெய்வதில் பயனில்லை. பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம் என்றேன். சில மேக்னட்ரான்களின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு இருக்கக்கூடும், அதை உடைத்துத் தூளாக்கினால் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குக் கேடு. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்தினர் வீட்டுக்கே வந்து எடுத்துப்போனார்கள். அவர்கள் வரும்வரை யாரும் தெரியாமல் பிளக்கை மாட்டிவிடக் கூடாது என்று, அந்த வீட்டம்மா வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, கதவின் குறுக்கே டேப்பும் ஒட்டி வைத்திருந்தார்.